தம்பிக்கு ஒரு துணை

கண் திறந்திருக்கும்வரை என் அக்காவால் யாருக்கும் ஆபத்தில்லை. கண்ணை மூடிக் கைகளைக் கோத்து, "எங்கள் பரம பிதாவே" என்று அவள் ஆரம்பித்துவிட்டால்தான் ஆபத்து. யாருக்குச் சிறுநீரகத்தில் கல், எந்த வீட்டு மாப்பிள்ளை வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார், பாடகர் குழுவில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று எல்லாம் வரிசையாக ஆண்டவரிடம் போகும். போகிற வழியில் சபை முழுக்கக் கேட்கும். அவள் புறம் பேசுகிறவள் இல்லை. வாசலில் நிறுத்தி யாரைப் பற்றியாவது கேட்டுப்பாருங்கள், "நமக்கெதுக்குப்பா" என்று நகர்ந்துவிடுவாள். ஆனால் ஜெபத்தில் எதையும் மறைக்கக் கூடாது என்பது அவள் கொள்கை. ஆண்டவரிடமே பாதியைச் சொல்லிப் பாதியை முழுங்குவதா என்பாள்.

அந்த ஜெபத்தின் கடைசி வரி எப்போதும் நான்தான். "என் தம்பிக்கு ஒரு துணையைக் கொடுங்க ஆண்டவரே. அவன் தனியா இருக்கான்." என் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். சபை மொத்தமும் ஆமென் சொல்லும். நானும் சொல்வேன். என் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தோடு நிற்கும் என் வீட்டு வாடகைக்காரரும் சொல்வார். அவருடைய ஆமென்தான் கொஞ்சம் சத்தமாக இருக்கும். வெளியே வந்ததும், "உனக்குச் சீக்கிரமே நல்லபடியா அமையணும்னு நானும் மனசார வேண்டிக்கிட்டேன்" என்று முகத்தில் ஒரு சின்னச் சிரிப்புகூட இல்லாமல் சொல்வார். ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கும்.

அவர் வாடகைக்காரரே இல்லை. அக்கா கேட்டுக்கொண்டிருந்த அந்தத் துணை அவர்தான்.

லிஃப்ட் பழுது பார்ப்பவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவர் வேலை. அதனால் எதற்கும் பதறமாட்டார். "உள்ள இருக்கறவங்க குதிக்காம இருந்தா போதும், மீதியை நான் பாத்துக்குவேன்" என்பார். நான் வாழ்நாள் முழுக்க உள்ளே குதித்துக்கொண்டிருந்தவன்.

எங்கள் வீட்டில் இரண்டு படுக்கையறைகள். வாடகைக்காரருடையது என்று சொல்லும் சின்ன அறையில் ஒரு கட்டில், அதன்மேல் சுருக்கமே இல்லாத வெள்ளை விரிப்பு, மேசையில் அவருடைய பழைய மூக்குக்கண்ணாடி, கதவின் பின்னால் அவர் சட்டை ஒன்று. அக்கா வருகிறாள் என்றால் நான் முதலில் ஓடுவது அடுப்படிக்கு அல்ல, அந்த அறைக்குத்தான். கண்ணாடியை நேற்றுக் கழற்றி வைத்த மாதிரி கொஞ்சம் கோணலாகத் திருப்பி வைப்பேன். விரிப்பு அக்கா கொடுத்ததுதான். பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவுக்கு அவள் மேற்பார்வையாளர். வருகிற ஒவ்வொரு முறையும் அதை எடுத்துக்கொண்டு போய், துவைத்து இஸ்திரி போட்டுக் கொண்டுவருவாள்.

எனக்கென்று உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் யாரென்று தெரிந்துவிட்டால் இன்னொருத்தி என்னை விட்டுப் போய்விடுவாள். இவ்வளவுதான் என் பயம். கேட்பதற்குச் சின்னதாக இருக்கலாம். ஆனால் அது காலையில் எனக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருக்கும்.

இந்த நிலைமையில்தான் புதிதாக வந்த பாஸ்டர் அந்த அறிவிப்பைச் செய்தார்.

ஒல்லியான மனிதர். பேசும்போது தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பார். அன்றைக்கு ஒரு குவளையைக் காலி செய்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். ஆணை விரும்பும் ஆண்களும் பெண்ணை விரும்பும் பெண்களும் இந்தச் சபையிலும் இருக்கிறார்கள், நம் குடும்பங்களிலும் இருக்கிறார்கள், பயந்துபோய் ஒதுங்கியிருக்கிறார்கள் அல்லது போயே விட்டார்கள் என்றார். அவர்களுக்கு இங்கே இடம் உண்டு என்பது தன் நம்பிக்கை, ஆனால் தான் சொல்லி யாரும் மாறவேண்டாம், முதலில் ஒருவர் பேச மற்றவர் கேட்போம் என்றார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசும் ஒரு மாலைக்கு ஏற்பாடு. அதற்கு முன்னால் இரண்டிரண்டு பேராக வீடு வீடாகப் போய், என்ன நினைக்கிறார்கள், எதற்குப் பயப்படுகிறார்கள் என்று கேட்டு, அந்த மாலைக்கு அழைக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு வீட்டில் கேட்டது அந்த வீட்டோடு போகட்டும்.

என் உள்ளங்கை வியர்த்துப் பாட்டுப் புத்தகத்தின் அட்டை ஈரமாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் நேராக எங்களிடம் வந்தார். "அக்காவும் தம்பியும் ஒரு ஜோடியா போனா என்ன? உங்களுக்குக் கதவைத் திறக்காதவங்க யாரு?"

"எனக்கு அந்த விஷயமெல்லாம் ஒண்ணும் தெரியாதே பாஸ்டர்" என்றாள் அக்கா. கடைசிவரை அவளுக்கு அது 'அந்த விஷயம்'தான்.

"தெரியாதவங்கதான் நல்லா கேப்பாங்க" என்றார் அவர்.

நான் ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். மாட்டேன் என்றால் ஏன் மாட்டேன் என்கிறான் என்று யோசிப்பார்களே என்ற பயத்தில் சரி என்றுவிட்டேன். பயந்தவன் செய்யும் காரியங்கள் இப்படித்தான், வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வான்.

நான் பல் செட் செய்பவன். மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அதில் மாவுக்கட்டு மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, வாய்க்குப் பொருந்துகிறதா என்று பார்த்து, இளஞ்சிவப்பு ஈறு செய்து அனுப்புவேன். சபையில் வயதானவர்களில் பாதிப் பேரின் சிரிப்பு என் கையால் ஆனது. விஷயம் வெளியே தெரிந்தால் என் பற்களைக் கொண்டே என்னைக் கடித்துக் குதறுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நான் வேலை பார்க்கும் பட்டறையின் முதலாளி எங்கள் சபையின் மூப்பர், சபை நிர்வாகத்தில் முதல் ஆள். நல்ல உயரம், நல்ல குரல். பாஸ்டரின் அறிவிப்புக்கு அவர் எழுந்து எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தால் யாருக்கோ கெட்ட காலம்.

முதலில் போன வீட்டில் மிட்டாய்க் கடைக்காரரும் அவர் மனைவியும் எங்களை உட்காரவைத்து, 'அந்த விஷயத்தை' விட்டு மற்ற எல்லா விஷயமும் பேசினார்கள். நாங்களும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டோம். கிளம்பும்போது அந்தம்மா, "இதெல்லாம் தொத்துமா?" என்று ரகசியமாக அக்காவிடம் கேட்டார். "தொத்தாதுன்னுதான் நினைக்கிறேன், எதுக்கும் பாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள் அக்கா. நான் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

இரண்டாவது, தெருமுனையில் கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் வீடு. கடைக்குப் பின்னாலேயே வீடு. கடிகாரக்காரர் கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றவேயில்லை. நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும் அவர் மனைவி எழுந்துபோய்க் கடைக்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்தார்.

"எங்க பையன் வெளியூர்ல ஒரு பையனோட இருக்கான்" என்றார். "நாங்கதான் போகச் சொன்னோம். இவர்தான் சொன்னார். நான் பக்கத்துல நின்னுட்டு இருந்தேன்."

கடிகாரக்காரர் கையில் இருந்த கடிகாரத்தின் பின்மூடியைத் திருகித் திருகிக் கழற்றினார், மறுபடி மூடினார்.

"இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. சபையில எப்படி இருக்கான்னு கேட்டா நல்லா இருக்கான்னு சொல்லுவோம். நல்லா இருக்கானான்னே தெரியாது." அந்தம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காவும் அழுதாள். அம்மா, உங்கள் பையன் ஒருவேளை நன்றாகத்தான் இருப்பான், அவனுக்கும் ஞாயிற்றுக்கிழமை வரும், அன்றைக்கு உங்களை நினைத்துக்கொள்வான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அதை மென்று முழுங்கினேன்.

அக்கா அந்த வீட்டில் செய்த ஜெபம் அழகாக இருந்தது. அந்தப் பையனைப் பேர் சொல்லி ஆண்டவர் கையில் ஒப்படைத்தாள். கடிகாரக்காரர் கடைசியில் பூதக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த மாலைக்கு இருவரும் வருவதாகச் சொன்னார்கள். வெளியே வந்து நடக்கும்போது அக்கா, "பாவம்டா, எவ்வளவு பாரத்தைத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்காங்க" என்றாள். எனக்குக் குருட்டுத் தைரியம் ஒன்று வந்தது. இன்றைக்கே சொல்லிவிடலாமோ என்றுகூட நினைத்தேன்.

மூன்றாவது வீடு மூப்பருடையது.

அவர் எங்களை மரியாதையாக உபசரித்தார். வேத வசனங்கள் சொன்னார். பாஸ்டருக்கு அனுபவம் போதாது என்றார். அரை மணி நேரம் அவர் பேச நாங்கள் தலையாட்டினோம். கிளம்பும் நேரம் வந்ததும், "அக்கா, ஒரு ஜெபம் பண்ணுங்க" என்றார். அவள் எழுந்து கண்ணை மூடினாள்.

எந்த வீட்டுக்குப் போனாலும் அன்றைக்குப் போய் வந்த மற்ற வீடுகளையும் சேர்த்து ஜெபிப்பது அவள் பழக்கம். எங்கள் சபையில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம்தான். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை. முதலில் மிட்டாய்க் கடைக்காரரின் மூட்டு வலி ஆண்டவரிடம் போனது. அடுத்து, "வெளியூர்ல இன்னொரு பையனோட வாழற அந்தப் பிள்ளைக்காக, அவனை வீட்டை விட்டு அனுப்பிட்டுத் தவிக்கிற கடிகாரக்கார அண்ணனுக்காக, அண்ணிக்காக..." என்று அவள் குரல் உருகி ஓடியது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணைத் திறந்தேன். மூப்பரும் திறந்திருந்தார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் தம்பிக்கு ஒரு துணையைக் கொடுங்க ஆண்டவரே. அவன் தனியா இருக்கான்."

"ஆமென்" என்றார் மூப்பர், நல்ல கனத்த குரலில்.

தெருவுக்கு வந்ததும் நான் அக்காவின் கையைப் பிடித்து நிறுத்தினேன். "என்ன காரியம் பண்ணிட்டே தெரியுமா?"

"என்னடா பண்ணினேன்?"

"அவங்க கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டுச் சொன்னாங்க. நீ அதைக் கொண்டுபோய் இந்த மனுஷன் காதுல போட்டுட்டே."

"நான் ஆண்டவர்கிட்டதானே..." என்றவள் பாதியில் நின்றுவிட்டாள். முகம் வெளிறிப்போயிற்று. தன் ஜெபத்துக்கு வேறு காதுகளும் உண்டு என்பது அவளுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிட எனக்குப் பயமாக இருந்தது. அவளிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேனே, சொல்லியிருந்தால் இப்போது அந்த ஜெபத்தில் நானும் போயிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூப்பர் தானாக முன்வந்து ஜெபித்தார். "வழி தப்பிப்போய் அருவருப்பில் வாழும் கடிகாரக்காரர் மகனுக்காக" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். சொன்னது ஜெபத்தில். ஜெபத்துக்கு நடுவே யாரும் எழுந்து மறுத்துப் பேச முடியாது. கடிகாரக்காரரும் மனைவியும் எழுந்து, எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போதே வெளியே போனார்கள். அவர் செருப்புச் சத்தம் வாசல்வரைக்கும் கேட்டது. மறுநாள் கடைக்குப் பூட்டு தொங்கியது.

அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனாள். கதவு திறக்கவில்லை. ஜன்னல் வலைக்குப் பின்னால் அந்தம்மாவின் முகம் மட்டும் தெரிந்தது. அக்கா மன்னிப்புக் கேட்டாள், தேம்பித் தேம்பிக் கேட்டாள்.

"உங்கமேல கோபம் இல்ல" என்றார் அந்தம்மா. "நீங்க வேணும்னு பண்ணலன்னு தெரியும். ஆனா தயவு செஞ்சு எங்களுக்காக இனிமே ஜெபம் மட்டும் பண்ணிடாதீங்க."

அதற்குப் பிறகு அக்கா சத்தமாக ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள். யார் கேட்டாலும் தலையசைத்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய இடத்தில் ஒரு மௌனம் விழும். கடைசி வரிக்கு ஆமென் சொல்லிப் பழகிய என் வாய் சும்மா இருக்கும். எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்த அந்த வரி இல்லாமல் எனக்கு ஏதோ கூரையைப் பிய்த்துவிட்டதுபோல இருந்தது.

பட்டறையில் மூப்பர் என் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்தார். நான் மெழுகில் பல் நட்டுக்கொண்டிருப்பேன். அவர் மூச்சு என் கழுத்தில் படும்.

"நம்ம சபையில இன்னும் அந்த மாதிரி ஆளுங்க இருக்காங்கன்னு பாஸ்டர் சொல்றார். யாரா இருக்கும்?"

"தெரியலீங்க."

"தெரிஞ்சா நானே போய்க் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் வாசல்ல விட்டுட்டு வருவேன். அன்பாத்தான்."

அவர் போனபிறகு பார்த்தால், வலது பக்கத்துக் கோரைப்பல்லை இடது பக்கம் நட்டு வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட நான் அப்படிச் செய்ததில்லை. கத்தியைச் சூடாக்கி மெழுகை உருக்கி அதை எடுத்தேன்.

வட்டமாக உட்காரும் அந்த மாலை வந்தது. நான் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். என்னவரும் சட்டையை எடுத்தார்.

"நீ வராதே" என்றேன்.

"ஆமென் சொல்ல ஆள் வேணாமா?"

"என் பயத்தைக் கேலி பண்ணாதே. எனக்கு உயிரே போகுது."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். எங்கள் கட்டிலில். "கேலி பண்ணல. எனக்கும் பயம்தான். நீ அந்தச் சின்ன ரூம்ல கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வைக்கறியே, அதைப் பாக்கும்போதெல்லாம் பயமா இருக்கும். நான் செத்துட்டா என்னை அங்கதானே கிடத்துவே? வாடகைக்காரர் போயிட்டாருன்னு நாலு பேர்கிட்ட சொல்லுவே. நீ பக்கத்துல உக்காந்து அழக்கூட முடியாது."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை.

சபையின் பின்கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். நான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் கழித்து அவர் தொப்பியைக் கழற்றியபடி வந்து வாசலோரம் உட்கார்ந்தார். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக்கூடாது, மனதில் பட்டதைத் தன் பெயரில் பேச வேண்டும், ஊர் சொல்வதைப் பேசக்கூடாது என்று பாஸ்டர் சொல்லித் தண்ணீர் குடித்தார். சிலர் பேசினார்கள். ஒருவர் தன் பேரப்பிள்ளைகள் என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது என்றார். மிட்டாய்க் கடைக்காரரின் மனைவி, இது தொற்றாது என்று பாஸ்டர் தன்னிடம் சொல்லிவிட்டதாக எல்லோருக்கும் அறிவித்தார். சிரிப்பு எழுந்தது. கூடம் கொஞ்சம் இளகியது.

அப்போதுதான் கடிகாரக்காரர் மனைவி உள்ளே வந்தார். தனியாக. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் ஒதுங்கி உட்கார்ந்தார். அக்கா என் முழங்கையை அழுத்திப் பிடித்தாள்.

மூப்பர் தன் நாற்காலியை அந்தம்மா பக்கம் திருப்பிப் போட்டார். நாற்காலிக்கால் தரையில் கீச்சிட்டது. "பேசணும், கேக்கணும்னு பாஸ்டர் சொல்றார். சந்தோஷம். அப்போ முதல்ல இவங்க சொல்லட்டும். என்னம்மா, உங்க பையன் எங்க இருக்கான்? யார்கூட இருக்கான்? ராத்திரி..."

"மூப்பரே" என்றார் பாஸ்டர்.

"கேக்கத்தானே வந்தோம்? எழுந்து நின்னு சொல்லுங்கம்மா, எல்லாருக்கும் கேக்கட்டும்."

அந்தம்மா எழுந்து நின்றுவிட்டார். பெரியவர்கள் சொன்னால் எழுந்து நிற்பது அவருக்குப் பழக்கம். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கைப்பையின் வாரைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. கூடம் முழுக்க அவரையே பார்த்தது. அந்தப் பார்வையை எத்தனையோ முறை கனவில் பார்த்திருக்கிறேன். கனவில் அது என்மேல் விழும்.

எனக்குத் தைரியம் வந்தது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தம்மா நின்றுகொண்டிருக்க, என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை, எழுந்தேன்.

"அவங்களை உக்கார விடுங்க" என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை. "கேக்கணும்னா என்னைக் கேளுங்க."

மூப்பர் திரும்பினார். "உன்னை என்னப்பா கேக்கறது?"

"என் வீட்ல இருக்கறவர் வாடகைக்காரர் இல்ல."

யாருக்கோ நான் செய்து கொடுத்த மேல்பல் செட் 'டக்'கென்று இறங்கிய சத்தம் தெளிவாகக் கேட்டது. நான் அக்காவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவள் கை என் முழங்கையை விட்டிருந்தது. அது மட்டும் தெரிந்தது.

"நானும் அவரும் சேர்ந்து வாழறோம். பல வருஷமா. இந்தச் சபையிலதான் ரெண்டு பேரும் பாடறோம். அந்தப் பையன் எங்க இருக்கான், எப்படி இருக்கான்னு எனக்குத் தெரியாது. ஆனா அவன் எதுக்குப் பயப்படுவான்னு தெரியும். கெட்டவனாயிடுவோமோன்னு இல்ல. வீட்ல இருக்கறவங்க நம்மளை விட்டுடுவாங்களோன்னுதான். எனக்கும் அதே பயம்தான்."

உட்கார்ந்தேன். கடிகாரக்காரர் மனைவியும் உட்கார்ந்தார். வாசலோரம் இருந்தவர் எழுந்து நின்றார். எங்கேயும் போகவில்லை, என்னிடம் வரவுமில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி சும்மா நின்றார்.

மூப்பர் முகம் கறுத்திருந்தது. எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "போதும் பாஸ்டர். இதோட ஜெபம் பண்ணி முடிச்சுடலாம். அக்கா, நீங்களே பண்ணுங்க. உங்க தம்பிக்காகப் பண்ணுங்க. இத்தனை வருஷம் நீங்க விட்ட கண்ணீர் ஆண்டவருக்குத் தெரியும்."

அவள் தன் பக்கம்தான் என்று அவருக்கு உறுதி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா ஜெபிப்பதை நிறுத்திவிட்டாள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவள் எழுந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். கைகளைக் கோத்துக் கண்ணை மூடினாள். நான் சிறுவயதில் ஊசி போடும்போது செய்ததுபோல் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எங்கள் பரம பிதாவே" என்றாள். குரல் கரகரத்தது. "இங்க வந்தவங்க எல்லாரையும் பத்திரமா வீடு கொண்டு சேருங்க. வராதவங்களையும் பாத்துக்குங்க. என் வாயால யாருக்கெல்லாம் அடிபட்டுதோ அவங்க காயத்தை ஆத்துங்க. நான் யார் பேரையும் சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரியும்." நிறுத்தினாள். அடுத்து என் வரிதான். கூடம் முழுக்க அதற்காகக் காத்திருந்தது, பழக்கத்தில் ஒருவர் 'ஆ' என்று ஆரம்பித்தேவிட்டார். நான் கண்ணைத் திறந்தேன். அக்காவும் திறந்திருந்தாள். வாசலோரம் தொப்பியோடு நின்றவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமென்" என்றாள்.

என் வரி வரவேயில்லை.

அவ்வளவுதான், விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. வாசலோரத்திலிருந்து ஒரே ஒரு ஆமென் வந்தது. இந்த முறை சத்தமாக இல்லை. மூப்பர் என்னைத் தாண்டிப் போகும்போது, "காலையில பட்டறைக்கு வா, பேசணும்" என்றார். இரண்டு பேர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடிகாரக்காரர் மனைவி என் கையைத் தொட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

படிக்கட்டில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"என்னை விட்டுட்டியே அக்கா, ஜெபத்துல."

அவள் என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்தாள். "அந்தச் சின்ன ரூம் விரிப்பை இத்தனை வருஷமா நான்தானே துவைக்கறேன். அதுல ஒரு நாளும் யாரும் படுத்ததில்லன்னு எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியில நான் பாக்காத விரிப்பா?" மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். "தெரிஞ்சும் கேட்டுட்டே இருந்தேன். கேட்டுட்டே இருந்தா வேற மாதிரி நடக்கும்னு நினைச்சேன். எனக்கு இன்னும் முழுசாப் புரியலடா. பயமாத்தான் இருக்கு. நாளைக்கு உன்னை என்ன பண்ணுவாங்களோன்னு வேற பயமா இருக்கு."

"அப்போ இன்னைக்கு ஏன் கேக்கல?"

அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள், முட்டாளைப் பார்ப்பதுபோல. "கெடச்சதை எவளாவது திரும்பவும் கேப்பாளா?"

பிறகு எனக்குப் பின்னால் தயங்கி நின்றவரைப் பார்த்து, "நீங்க ஏன் அங்கயே நிக்கறீங்க? எனக்கு இந்தப் படி இறங்க ஒரு கை வேணும்" என்றாள். அவர் ஓடிவந்து கையைக் கொடுத்தார். லிஃப்ட்காரர், வாழ்நாள் முழுக்கப் பதறாத மனிதர், அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.